ரெண்டு வயசு வாத்தும் பறக்கும் கழுதையும்

என் வீட்டுக்காரர் வெண்டல் சாப்பாட்டு மேஜையில் எழுந்து நின்று பேசினார் என்றால், வீட்டில் ஏதோ ஒன்று உடையப் போகிறது என்று அர்த்தம். போன தடவை எழுந்து நின்றபோது, "இனி இந்த வீட்டுக்குள்ள பிளம்பர் கால் வைக்க மாட்டான்" என்று அறிவித்தார். அந்த வாரம் முழுக்க நாங்கள் பக்கத்து வீட்டில் குளித்தோம்.

இந்தத் தடவை பீன்ஸும் சோளரொட்டியும் ஆறிக்கொண்டிருந்தன. அவர் எழுந்தார். கரண்டியால் டீ டம்ளரைத் தட்டினார்.

"குடும்பத்தாரே! இந்தக் கோடை லீவுக்கு நாம ஹனிகட் பார்க் போறோம்!"

என் மகள் பெய்ஸ்லி கத்தினாள். அவள் கத்தியதால் சின்னவன் வேடும் கத்தினான். நான் கத்தவில்லை. கையில் இருந்த வெண்ணெய்க் கத்தியை மெதுவாகக் கீழே வைத்தேன். நெஞ்சுக்குள் ஒரு கழுதை எழுந்து நின்று காதை ஆட்டியது.

"ஆனா..." என்றார்.

எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம். நாங்கள் "ஆ" என்று வாயைத் திறப்பதற்குள் அவர் "ஆனா" என்று மூடிவிடுவார்.

"ஆனா, ஊர்ல எல்லாரும் காசைக் கொட்டுற மாதிரி நாம கொட்டப் போறதில்ல. குறைஞ்ச செலவு, நிறைஞ்ச சந்தோஷம். முழு பிளானும் இங்க இருக்கு." நெற்றியைத் தட்டிக் காட்டினார். உள்ளே நிறைய இடம் இருப்பதுபோல் சத்தம் வந்தது.

வெண்டல் எங்கள் கென்டக்கிக் கிராமத்துப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். மணி அடிக்கும்வரை பஸ்ஸிலேயே உட்கார்ந்து ஃபோனில் ஒரு தாடிக்காரரைப் பார்ப்பார். குடும்பத்தோடு மலிவாக ஊர் சுற்றுவது எப்படி என்று அந்தத் தாடிக்காரர் ஊருக்கே பாடம் எடுக்கிறவர். என் பேச்சுக்கு இல்லாத மரியாதை அந்தத் தாடிக்கு உண்டு.

"ஐஸ்பெட்டி நிறைய சாண்ட்விச் நம்ம வீட்டுலயே செஞ்சு எடுத்துக்கறோம். காலைச் சாப்பாடு ஓசியாப் போடுற மோட்டல்ல தங்கறோம். அங்க அவிச்ச முட்டை வைப்பாங்க. எல்லாரும் பாக்கெட் வச்ச பேண்ட் போட்டுக்கணும்."

"முட்டைக்கா?"

"முட்டைக்குத்தான். அப்புறம் எல்லாருக்கும் ஒரே கலர் சட்டை. பஸ் டெப்போவுல மிச்சமானது, இலவசம். யாரும் தொலைஞ்சு போக மாட்டீங்க."

பள்ளிக்கூட பஸ்ஸின் மஞ்சள் அது. அந்தக் கலரில் தொலைந்து போக நினைத்தாலும் முடியாது.

"எல்லாத்துக்கும் மேல, பெரிய மிச்சம் ஒண்ணு இருக்கு," என்று வேடைத் தூக்கி மேஜை மேல் நிறுத்தினார். "மூணு வயசுக்குக் கீழ டிக்கெட் கிடையாது."

"வேடுக்குத்தான் மார்ச்லயே மூணு முடிஞ்சிருச்சே."

"அது நமக்குத் தெரியும். பார்க்குக்குத் தெரியுமா?"

"கேக் வெட்டினப்ப நீங்கதானே கை தட்டினீங்க?"

"தட்டினேன். அதுக்காக ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டேனா?"

நான் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். என் மனசு முழுக்க வேறொரு இடத்தில் இருந்தது. அதை உங்களுக்குச் சொல்லாவிட்டால் இந்தக் கதையே புரியாது.

ஹனிகட் பார்க்கில் 'பறக்கும் கழுதை' என்று ஒரு ரோலர் கோஸ்டர் இருக்கிறது. டென்னஸி மலைச்சரிவோடு சரிவாக மரச்சட்டத்தில் கட்டியது. வண்டி டக் டக் டக் என்று மேலே ஏறும். உச்சியில் ஒரு மூச்சு நேரம் நிற்கும். பிறகு கழுதை பறக்கும். வரிசை தொடங்குகிற இடத்தில் மரத்தால் செய்த ஒரு கழுதை நிற்கிறது. நம் தலை அதன் தாடையைத் தொட வேண்டும். தொட்டால் ஏறலாம். தொடாவிட்டால் எதிரே இருக்கும் பெஞ்சில் உட்காரலாம்.

அந்த பெஞ்சை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் சர்ச் வேனில் சின்னப் பிள்ளையாக முதல் தடவை போனபோது என் தலை கழுதையின் கழுத்துவரைக்கும்தான் வந்தது. எல்லாருடைய பைகளையும் என் மடியில் வைத்துவிட்டு எல்லாரும் ஏறினார்கள். இரண்டாவது தடவை எங்கள் ஹனிமூனுக்கு. ஹனிமூனுக்கு ஹனிகட், பேரிலேயே தேன் இருக்கிறது என்றுதான் வெண்டல் கூட்டிப் போனார். உயரம் இருந்தது, கல்யாணம் இருந்தது, ஆனால் வயிற்றில் பெய்ஸ்லியும் இருந்தாள். எங்கள் ஊரில் சில கல்யாணங்கள் கொஞ்சம் அவசரமாகத்தான் நடக்கும். பெரிய வயிறு வரைந்து குறுக்கே கோடு போட்ட பலகை ஒன்று வரிசைக்கு முன்னால் தொங்கியது. மூன்றாவது தடவை போனபோது வயிற்றில் வேட். பலகையில் இருந்த அந்த வயிற்றுக்காரி அதற்குள் எனக்குச் சொந்தக்காரி மாதிரி ஆகிவிட்டாள்.

ஹனிமூன் தடவையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வண்டியில் ஒரு வரிசைக்கு இரண்டு சீட். எனக்கென்று இருந்த சீட்டில் யாரோ ஒரு சிவப்புத் தலைக்காரி ஏறி உட்கார்ந்தாள். வண்டி என் தலைக்கு மேலே திரும்பியபோது பார்த்தேன். என் புருஷனின் கையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டே போனாள். கல்யாணமாகி மூன்றாவது நாள் அது. நான் பைகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அடுத்த தடவை நீ" என்றார், இறங்கி வந்து. எல்லாத் தடவையும் அதையேதான் சொல்வார்.

எங்கள் வீட்டில் துணி காயவைக்கிற மெஷினில் வெண்டலின் ஜீன்ஸைப் போட்டால், பொத்தான் பட்டு டக் டக் டக் என்று சத்தம் வரும். கழுதை மலை ஏறுகிற அதே சத்தம். சில நாள் நான் வேலையை அப்படியே விட்டுவிட்டு அந்த மெஷின் மேல் கை வைத்துக் கண்ணை மூடி நிற்பேன். என் கை அதிரும். என் பக்கத்தில் வெண்டல் இருப்பதுபோல் நினைத்துக்கொள்வேன். அப்போது மெஷின் நின்றுவிடும். துணி மடிக்க வேண்டும்.

அதனால் அன்றைக்குப் பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பி வந்து கேட்டேன்.

"ஏங்க. இந்தத் தடவை நாம ரெண்டு பேரும் சேர்ந்து கழுதையில ஏறணும். பக்கத்துப் பக்கத்துல."

"ரெண்டு பேரும் ஏறினா வேடை யாரு பாக்கறது?"

"அங்கயே குஞ்சுவீடுன்னு ஒண்ணு இருக்காம். மூணு வயசு ஆன பிள்ளைங்களை அவங்களே வச்சுப் பாத்துக்கறாங்க. விளையாட்டு காட்டறாங்க."

"மூணு வயசுன்னா டிக்கெட் வாங்கணுமே டார்லா."

"வாங்குவோம்."

"ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு! மாத்தி மாத்தி ஏறலாம். முதல்ல நானும் பெய்ஸ்லியும். நீ வேடைப் பாத்துக்க. அடுத்த தடவை..."

"நான்."

"பாத்தியா, உனக்கே தெரியுது!"

மறுநாள் அவர் பஸ்ஸைக் கழுவப் போன நேரம் பார்த்து நான் பார்க்குக்கு ஃபோன் போட்டேன். ட்ரூடி என்று ஒரு அம்மா எடுத்தாள். தேன் மாதிரிக் குரல். அரைமணி நேரம் பேசினோம். அவளுக்கும் ஒரு புருஷன் இருந்தார். அதனால் எல்லாம் சீக்கிரம் புரிந்தது. என்ன பேசினேன் என்று வெண்டல் கேட்கவில்லை. நீங்களும் இப்போதைக்குக் கேட்காதீர்கள்.

அன்று மாலையே வெண்டல் வேடுக்குப் பயிற்சியைத் தொடங்கினார்.

"வேட், உன் வயசு என்ன?"

"மூணு!"

"இல்லடா தங்கம். ரெண்டு."

"மூணு! கேக்ல மூணு மெழுகுவர்த்தி!"

"கணக்கு தப்பாகிடுச்சுடா. ஒண்ணைத் திருப்பிக் குடுத்துட்டோம்."

வேட் யோசித்தான். "அப்ப எனக்கு ரெண்டுன்னா நான் நடக்க வேண்டாமா?"

"வேண்டாம் ராசா. அப்பா தூக்கிக்கறேன்."

தன் வாயாலேயே சொன்னார். நான் சாட்சி.

பிள்ளை கெட்டிக்காரன். ஒரே வாரத்தில் பாடம் முழுசும் பிடிபட்டுவிட்டது. நடப்பதை நிறுத்தினான். ஸ்பூனைத் தொடுவதை நிறுத்தினான். "வேட்டு பாப்பா பால் குச்சும்" என்று மழலை பேச ஆரம்பித்தான். பால் பாட்டிலைப் பரணிலிருந்து எடுக்கச் சொல்லி அழுதான். வெண்டலுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா, என்னா நடிப்பு! இவனை எல்லாம் டிவில விட்டா..."

"உங்க பிள்ளைதானே," என்றேன்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாயில்தான் கூட்டம் குறைவு என்று தாடிக்காரர் சொல்லியிருந்தாராம். அவர் அதை நாட்டில் எல்லா அப்பாக்களுக்கும் சொல்லியிருந்தார் என்பது பார்க்கின் கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்ததும் தெரிந்தது. நாங்கள் நான்கு பேரும் மஞ்சளாக இறங்கினோம். வெண்டலின் பாக்கெட்டுகள் முட்டையால் உப்பியிருந்தன. உட்காரும்போதெல்லாம் நின்று யோசித்துத்தான் உட்கார்ந்தார்.

"ஏங்க, டிக்கெட் கவுண்ட்டர்ல வேடை நீங்களே கூட்டிட்டுப் போங்க. பொய் சொன்னா எனக்குக் காது சிவந்துடும். உங்களுக்குத்தான் முகத்துல ஒண்ணும் தெரியாது."

"அது ஒரு கலை, டார்லா," என்றார். வேடைத் தூக்கி இடுப்பில் வைத்தார். பெட்டைக் கோழி மாதிரி மார்பை முன்னால் தள்ளிக்கொண்டு நடந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு குண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். சட்டையில் 'ட்ரூடி' என்று பெயர் குத்தியிருந்தது.

"உன் வயசு என்ன கண்ணு?" என்று கேட்டாள்.

வேட் இரண்டு விரலைக் காட்டினான். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நல்ல மாணவன் அல்லவா, மற்றக் கையிலும் இரண்டு விரலைக் காட்டினான். வெண்டல் ஒரு கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"ரெண்டு வயசுக்கு நல்ல வளர்த்தி சார்."

"எங்க பக்கம் சோளம் நல்லா விளையும் மேடம்."

ட்ரூடியின் முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை. வேடின் கையில் ஒரு மஞ்சள் வளையத்தை மாட்டினாள். அதில் வாத்துப் படம். பிறகு வெண்டலின் கையைப் பிடித்து, அதே நம்பர் போட்ட இன்னொரு வாத்தை மாட்டினாள். டக்கென்று பூட்டிக்கொண்டது.

"இது எதுக்குங்க எனக்கு?"

"இலவசமா வர்ற குழந்தைங்க தொலைஞ்சிடக் கூடாதுல்ல சார். யாரு கூட்டிட்டு வர்றாங்களோ அவங்க கையிலயும் அதே வாத்து. பிள்ளை எங்கயோ நீங்களும் அங்க. வெளிய போறவரைக்கும் கழட்ட முடியாது. ஜாலியா இருங்க!"

வெண்டல் வாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு," என்றார். "இதுக்கும் காசு கேக்கல பாரு." பிள்ளைகளோடு உள்ளே நடந்தார். நான் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு கொஞ்சம் பின்னால் போனேன்.

மரக்கழுதை அதே இடத்தில் நின்றது. பெயிண்ட் மட்டும் புதுசு. நான் போய் அதன் தாடையில் என் தலையை முட்டினேன், எத்தனையோ வருஷம் கழித்து. பெய்ஸ்லியும் முட்டினாள். தொட்டது. அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கே அழுகை வந்தது.

வெண்டல் முட்டைகளை என் கையில் எண்ணி வைக்கத் தொடங்கினார். "சரி, நானும் பெய்ஸ்லியும் போயிட்டு வந்துடறோம். நீ வேடைப் பிடிச்சுக்க. அடுத்த தடவை..."

வரிசைக்குக் காவல் நின்ற பையன் கயிற்றைக் குறுக்கே இழுத்தான். "சார், நீங்க வாத்து."

"என்னப்பா?"

"கையில வாத்து இருக்கு சார். வாத்து ஏறக் கூடாது. உங்க குஞ்சோட அந்த பெஞ்சுல இருங்க."

வெண்டல் என்னைப் பார்த்தார். நான் முட்டைகளை ஒவ்வொன்றாக அவர் பாக்கெட்டிலேயே திரும்பப் போட்டேன். என் தோளில் இருந்த பையை அவர் தோளில் மாட்டினேன். பெய்ஸ்லியின் பையை அவர் கழுத்தில் மாட்டினேன்.

"இந்தத் தடவை நான்," என்றேன்.

பெஞ்சில் அவருக்கு முன்னாலேயே ஒரு வரிசை அப்பாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கையிலும் வாத்து. எல்லார் முகத்திலும் தாடிக்காரர் மேல் கோபம். பக்கத்தில் இருந்தவரின் 'ரெண்டு வயசுப் பிள்ளை' அறிவிப்புப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது. "க-ர்-ப்-பி-ணி-க-ள்..." அதன் அப்பா வாயைப் பொத்தினார்.

டக் டக் டக் என்று ஏறினோம். மெஷின் மேல் கை வைத்தால் வருகிற அதிர்வு இல்லை இது. முதுகெலும்பு வழியாகப் பல்வரைக்கும் வந்தது. உச்சியில் நின்றபோது கீழே பார்த்தேன். பச்சை மலை, புகை மாதிரி நீல மலை, அதற்குப் பின்னால் இன்னும் மலை. பெஞ்சில் ஒரு மஞ்சள் புள்ளி. அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் புள்ளி தரையில் புரண்டுகொண்டிருந்தது.

கழுதை பறந்தது. அடிவயிறு தொண்டைக்கு வந்தது. நான் கத்தினேன், சிரித்தேன், இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துச் சிரித்தேன். மூன்றாவது வளைவில், "ஏங்க, பாத்தீங்களா!" என்று பக்கத்தில் திரும்பினேன். பெய்ஸ்லியின் குதிரைவால் முடி என் வாய்க்குள் போனது.

இறங்கினோம். சந்தோஷம் நிறைய இருந்தது. ஆனாலும் பக்கத்து சீட்டு என் கண்ணை விட்டுப் போகவில்லை.

பெஞ்சில் வெண்டல் வேடைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நடக்க மாட்டேங்கறான் டார்லா. பாத்ரூம் வரமாட்டேங்கறான். ரெண்டு வயசுப் பிள்ளைக்கு டயப்பர் வேணுமாம்."

"சொல்லிக் குடுத்தது யாரு?"

"அதை விடு. எப்படி இருந்துச்சு? மூணாவது வளைவுல வயிறு வாய்க்கு வருமே, வந்துச்சா?"

"வந்துச்சு."

"உச்சில நிக்கறப்ப ஒரு காத்து அடிக்குமே?"

"அடிச்சுது."

அவர் மேலே பார்த்தார். சின்னப் பிள்ளை மிட்டாய்க்கடைக் கண்ணாடியைப் பார்ப்பது மாதிரி. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பெய்ஸ்லியின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி வரிசையில் போய் நின்றேன். பாவம் பார்த்தால் காரியம் நடக்காது.

இரண்டாவது தடவை இறங்கி வந்தபோது அவர் பேச்சை மாற்றியிருந்தார்.

"டார்லா. ஹனிமூன் வந்தப்ப, நான் ஏறினேன்ல?"

"ஒரு சிவப்புத் தலைக்காரியோட ஏறினீங்க."

"அவ நகத்தால என் கையைக் கீறிட்டா. பேரு கூடத் தெரியாது." வேடை மறு தோளுக்கு மாற்றினார். "அன்னைக்கு உச்சில நின்னப்ப நான் உன்னைத்தான் தேடினேன். கீழ வெறும் பையாத்தான் தெரிஞ்சுது. நீ தெரியவே இல்ல."

நான் வேடின் மூக்கைத் துடைத்தேன்.

"எனக்கு உன்கூட ஏறணும்," என்றார். "பக்கத்துல."

"வாத்து ஏறக் கூடாதே."

"தெரியும்." எழுந்து நின்றார். பைகளும் முட்டைகளும் பிள்ளையும் தொங்க, எழுந்து நின்றார். ஆனால் இந்தத் தடவை அறிவிப்பு எதுவும் வரவில்லை. பக்கத்து வாத்துகள் நிமிர்ந்து பார்த்தன. "போய் உண்மையைச் சொல்லிடறேன். டிக்கெட்டு வாங்கிடறேன்."

"ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு ஆச்சே?"

"முட்டை இருக்கு."

நாங்கள் எல்லாரும் கவுண்ட்டருக்குப் போனோம். வெண்டல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எங்கள் கல்யாணத்தில் பாஸ்டர் முன்னால்கூட அவர் அப்படி நின்றதில்லை.

"மேடம். வந்து... என் பையனுக்கு..."

"சொல்லுங்க சார்."

"என் பையனுக்கு மூணு வயசு. மார்ச்லயே ஆயிடுச்சு. டிக்கெட்டுக்கு எவ்வளவோ அதைக் கட்டிடறேன்."

ட்ரூடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பக்கத்து ஜன்னல் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். "நான் ஜெயிச்சேன். மத்தியானத்துக்கு முன்னால வருவார்னு சொன்னேன்ல?" என்றாள். அந்தப் பெண் சலித்துக்கொண்டே ஒரு சாக்லேட்டை எடுத்து நீட்டினாள்.

"என்ன மேடம்?"

"உங்க பையன் டிக்கெட்டுக்கு உங்க வீட்டம்மா போன மாசமே ஃபோன்ல பணம் கட்டிட்டாங்க சார். வாத்து மட்டும் மாட்டிவிடச் சொன்னாங்க."

வெண்டல் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். என் காது சிவந்திருக்கும்.

"அப்ப நான் பெஞ்சுல..."

"உக்காந்து பாத்தீங்க," என்றேன்.

ட்ரூடி கத்தரிக்கோலால் இரண்டு வாத்துகளையும் வெட்டினாள். வெண்டல் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார்.  குஞ்சுவீட்டுக்குப் போகிற வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். முட்டை வாசனை அடித்தது. பரவாயில்லை.

குஞ்சுவீட்டின் வாசலில் ஒரு பெண் குனிந்து வேடைக் கேட்டாள். "உன் வயசு என்ன தங்கம்?"

"ரெண்டு!" என்றான் வேட்.

"ஐயோ, மூணு வயசு ஆகியிருந்தாத்தான் உள்ள விட முடியும் சார்."

"மூணுதாங்க! வேட், அப்பா செல்லம், மூணுன்னு சொல்லுடா."

"வேட்டு பாப்பா ரெண்டு."

"விளையாட்டு முடிஞ்சுதுடா! மூணு!"

"அப்பா ரெண்டுன்னு சொல்லச் சொன்னாரு," என்றான் அவளிடம். மழலை இல்லாமல், சுத்தமாக.

வெண்டல் மண்டியிட்டார். ஊரில் அத்தனை பிள்ளைகளையும் ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற பஸ் டிரைவர். "என் ராசால்ல? மூணு மெழுகுவர்த்தி ஊதினியே, ஞாபகம் இருக்குல்ல?"

"ஒண்ணைத் திருப்பிக் குடுத்துட்டோம்."

"உனக்கு என்ன வேணும், சொல்லு."

வேட் திரும்பிப் பார்த்தான். எதிர்க்கடையில் எண்ணெயில் பொரித்துச் சர்க்கரை தூவிய ஃபன்னல் கேக், தட்டை விடப் பெரிசாக. காலையிலிருந்து வெண்டல் எங்கள் கண்ணைப் பொத்திக் கடத்திக்கொண்டு போன கடை அது. அந்த விலைக்கு ஒரு கோழியே வாங்கலாம் என்று சொல்லியிருந்தார்.

"அது முழுசா," என்றான் வேட். "அக்காவுக்கும் ஒண்ணு."

வாங்கினார். பர்ஸைத் திறக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். வேட் சர்க்கரை மீசையோடு அந்தப் பெண்ணிடம் போய், "எனக்கு மூணு வயசு. நடப்பேன். பாத்ரூம் எங்க இருக்கு?" என்று கேட்டான்.

வரிசைக்குக் காவல் நின்ற பையன் வெண்டலின் வெறும் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுக் கயிற்றை எடுத்தான். பெய்ஸ்லி முன் வண்டியில் ஓடி ஏறிக்கொண்டாள். அதற்குப் பின்னால் ஒரு வரிசை, இரண்டு சீட். நான் ஒன்றில் உட்கார்ந்தேன். பக்கத்தில் வெண்டல் உட்கார்ந்தார். இரும்புக் கம்பி இறங்கி எங்கள் இரண்டு பேர் மடியிலும் சேர்ந்து விழுந்தது.

டக் டக் டக்.

நான் எத்தனையோ தடவை மனசுக்குள் ஏறிய ஏற்றம் இது. அந்த மெஷின் பக்கத்தில் நின்றபோதெல்லாம் அவருடைய தோள் என் தோளில் எங்கே படும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் கீழே பட்டது. மஞ்சள் சட்டை வேர்த்து நனைந்திருந்தது. மரங்கள் எங்களுக்குக் கீழே போய்விட்டன. காற்று வந்தது. இப்படியே, பறக்காமல், இந்த ஏற்றம் முடியாமலே இருந்தால்கூடப் போதும் என்று எனக்குத் தோன்றியது.

உச்சியில் வண்டி நின்றது. நீல மலைகள் அப்படியே நின்றன. வெண்டல் என் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார்.

"டார்லா."

"ம்?"

"டிக்கெட்டுக்குப் பணம் ஏது?"

நான் அவர் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கராஜ்ல சும்மா தூங்கிட்டிருந்துச்சே, நீங்க பொத்திப் பொத்தி வச்ச படகு மோட்டார்..."

"ஆமா?"

"உங்க தம்பிக்கு வித்துட்டேன்."

கழுதை பறந்தது.

அன்றைக்கு ஏறினவர்களிலேயே அதிகச் சத்தமாகக் கத்தியது என் வீட்டுக்காரர்தான். சவாரியை இவ்வளவு அனுபவித்த மனுஷனைப் பார்த்ததே இல்லை என்று கீழே நின்ற பையன் கை தட்டினான்.